அம்மைப்பால் டாக்டருக்குச் சாமி உண்டா?

திருடன் வந்தால் நாய் குரைக்கும், அம்மை குத்துகிறவர் வந்தால் ஊரே கதவைச் சாத்தும். நான் அந்த அம்மை குத்துகிறவருக்கு மருந்துப் பெட்டி தூக்கினவன். வெள்ளைக்காரன் காலம். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. என் முகம் அம்மை உழுத முகம். ஒரு தரம் வந்தவனுக்கு மறுபடி வராது என்பதால்தான் ஜில்லா போர்டில் இந்த வேலையையே கொடுத்தார்கள். உங்களில் யாராவது இன்னொருத்தர் பெட்டியைத் தூக்கிப் பிழைத்திருந்தால், நான் சொல்வது உடனே புரியும்.

குதிருக்குள் எலி

ஒரு ஊருக்குள் நுழைந்தால் முதல் வேலை பிள்ளைகளைத் தேடுவது. எல்லா வீட்டிலும் பிள்ளைத் துணி காயும், பிள்ளை மட்டும் இருக்காது. கேட்டால் பாட்டன் ஊருக்குப் போயிருக்கும். ஆத்தா முத்துப் போடுவது அவள் பிரியம், அதைத் தடுக்க நீ யார் என்பார்கள். கையில் மருந்தை வைத்து, வட்டமான சின்னக் கத்தியை ஒரு திருகு திருகினால் முடிந்தது காரியம். அதற்குள் எங்களைச் சபிக்காத வாய் கிடையாது.

ஒரு வீட்டில் நெல்லும் தவசமும் கொட்டிவைக்கிற குதிருக்குள்ளிருந்து இருமல் சத்தம் வந்தது. ஒன்றல்ல, இரண்டு மூன்று தொண்டை. நான் குதிர்ப் பக்கம் பார்த்தேன். அந்த அம்மாளும் பார்த்தாள். கண்ணிமைக்காமல் சொன்னாள்: "எலிக்குச் சளி புடிச்சிருக்குதுங்க."

வண்டியில் இடமிருந்தது

எங்கள் குத்துகிறவர் பெயர் மாணிக்கம். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். கை சுத்தம், வேலை சுத்தம். ஆனால் சாமி இல்லை என்று சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. நாமகிரிப்பேட்டையிலிருந்து சிவக்கொழுந்து வாத்தியார் என்று ஒருவர் தினமும் தெற்கே ஒரு ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூடம் நடத்தினார். நெற்றி நிறையத் திருநீறு. அந்த ஊரின் பெயர் வேண்டாம், ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். என் தங்கை செல்லாயியைக் கொடுத்த ஊரும் அதுதான். பக்கத்து ஊரில் அம்மை இறங்கி, வீட்டுக்கு வீடு வேப்பிலை செருகிவிட்டார்கள் என்று சேதி வந்ததும் நாங்கள் அங்கே புறப்பட்டோம். வாத்தியார் மாணிக்கத்தோடு வண்டியில் ஏறிக்கொண்டார். எனக்கும் இடமிருந்தது. ஆனால் பெட்டியோடு பின்னாலேயே நடக்கவிட்டார்கள். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

நடந்ததில் ஒரு லாபம், பேச்சு முழுக்கக் காதில் விழுந்தது. "மரத்திலிருந்து பழம் விழுந்ததைப் பார்த்துப் பூமியின் இழுப்பைக் கண்டுபிடித்தாரே, அவர் வேத புஸ்தகத்தை உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணினவர், தெரியுமா?" என்றார் வாத்தியார். "குரங்குக்கும் நமக்கும் ஒரே பாட்டன் என்று எழுதின தாடிக்காரர் கடைசியில் சாமி விஷயம் எனக்குத் தெரியாதென்று கைவிரித்துவிட்டார், அது தெரியுமா?" என்றார் மாணிக்கம். "ஜெர்மனிக்காரர் ஒருத்தர், இப்போது உலகமே கொண்டாடுகிறது, அவர் சாமி உண்டென்கிறார்" என்றார் வாத்தியார். இப்படி ஒருவர் ஒரு விஞ்ஞானியை இறக்க, மற்றவர் அவர்மேல் இன்னொரு விஞ்ஞானியை ஏவிவிட, எனக்குச் சேவற்கட்டு பார்ப்பது போல இருந்தது. என் தங்கை மகள் மாராயி கையில் அம்மை குத்தின தழும்பு இல்லையே என்ற கவலை எனக்கு. மெதுவாக, "ஐயா, அந்த ஊரில் இந்தப் பேச்சு வேண்டாமுங்க, முதலில் குத்திவிடலாமுங்க" என்றேன். மாணிக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உனக்கு எதுக்குப்பா இதெல்லாம், பெட்டி வெயில்ல காயுது பார்" என்றார்.

ஜெயித்த கதை

மந்தையில் மாரியம்மன் கோயிலுக்கு எதிரே ஊர் கூடிவிட்டது. மணியகாரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் தலையசைக்காமல் அந்த ஊரில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டமாட்டார்கள். என் மாப்பிள்ளை, அதாவது தங்கை புருஷன், மணியகாரர் பூமியை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுகிறவர். பிள்ளையை எப்படியாவது கொண்டுவரச் சொல்லி நான் முன்னமே ஆள் விட்டிருந்தேன். "மணியகாரர் சரின்னா கொண்டாறேன் மச்சான்" என்று பதில் வந்திருந்தது.

மணியகாரர் முட்டாள் இல்லை. நியாயமாகத்தான் கேட்டார். "ஏனுங்க, அம்மை ஆத்தா சொத்து. அவ சொத்துல கை வெக்கறவன் பக்தியா வெச்சானா, திமிரா வெச்சானா, அதைச் சொல்லுங்க." உடனே வாத்தியார் பழத்துக்காரரை இறக்கினார். மாணிக்கம் தாடிக்காரரை இறக்கினார். வாத்தியார் ஜெர்மனிக்காரரைக் கொண்டுவர, மாணிக்கம் எழுந்து நின்றுவிட்டார். பழத்துக்காரர் காலத்தில் சாமி இல்லையென்றால் உத்தியோகம் போய்விடும், அதனால் அவர் பேச்சைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றார். இடியும் மின்னலும் ஏன் வருகிறது, கிரகணம் ஏன் பிடிக்கிறது என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. ஊரே, "ஐயா சொல்றது நாயந்தானுங்க" என்றது.

மணியகாரரும் தலையாட்டினார். "அப்ப இந்த மருந்தைக் கண்டுபிடிச்ச டாக்டரும் சாமி இல்லீங்கற கூட்டந்தானுங்களா?" என்றார். வேண்டாம், வேண்டாம் என்று நான் பின்னாலிருந்து கையை ஆட்டினேன். ஜெயித்த வேகத்தில் மாணிக்கம் மார்பை நிமிர்த்தி, "பெரிய தலைகள் எல்லாருமே அப்படித்தான்!" என்றார். மணியகாரர் மரியாதையாகக் கை கூப்பினார்: "அப்ப நம்மூருக்கு வேண்டாமுங்க. மோர் குடிச்சுப்போட்டுப் புறப்படுங்க."

செல்லாயி கேட்டது

மோர் வந்தது. மாணிக்கம் குடித்தார். வாத்தியாரும் குடித்தார். இரண்டு பேரும் குடித்துக்கொண்டே, ஜெர்மனிக்காரர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று மறுபடி ஆரம்பித்தார்கள்! பக்கத்து ஊரில் பறையடித்துக்கொண்டு போகிற சத்தம் காற்றில் வந்தது. அது எதற்கான பறை என்று மந்தையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அப்போது செல்லாயி மாராயியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆண்கள் நடுவில் வந்து நின்றாள். அந்த ஊரில் பெண்பிள்ளைகள் மந்தையில் அப்படி வந்து நிற்கிற வழக்கமில்லை. எனக்கு அம்மை வார்த்த வருஷம் என் தம்பிகள் இருவரை ஒரே வாரத்தில் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அவள் இந்த மாராயி வயசு. அதுதான் அவளை இழுத்துவந்திருக்க வேண்டும். "ஏனுங்க, அந்த டாக்டரு சாமி கும்புட்டாரோ கும்புடலையோ, தம்புள்ளைக்கு இதைக் குத்தினாருங்களா?" என்று கேட்டாள்.

மாணிக்கம் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் மாணிக்கத்தைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். இருவருக்குமே தெரியவில்லை. "அம்மா, இது தத்துவ விசாரம், அதெல்லாம் வேற" என்று வாத்தியார் இழுத்தார். செல்லாயி பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "இத்தனை படிச்சீங்களே சாமி, இதைப் படிக்கலீங்களா?"

பூப்போட்டுக் கேட்டது

எங்கள் பக்கத்தில் பெண் எடுக்க, கிணறு வெட்ட, எதற்கும் பூப்போட்டுக் கேட்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்பை ஒரு பொட்டலம் இலையில் கட்டிச் சாமி முன்னால் வைத்து, விவரம் தெரியாத குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். மணியகாரர் யோசித்துவிட்டு, "மனுசனுக்குத் தெரியாததை ஆத்தாகிட்டக் கேட்டுருவோம். காத்தால பூப்போடலாம்" என்றார். என்னவென்று கேட்பது? "அந்த டாக்டரு சாமி கும்புட்டவனா இல்லையான்னுதான்." எங்கேயோ சீமையில் செத்து மண்ணாகிப்போன மனிதரின் மனசில் என்ன இருந்தது என்று நாமகிரிப்பேட்டைக்குத் தெற்கே அரளிப்பூவை வைத்துக் கண்டுபிடிக்கப் போகிறார்கள். "அந்த வெள்ளைக்காரரைப் பற்றி மாரியாத்தாளுக்கு என்னய்யா தெரியும்?" என்று மாணிக்கம் கத்தினார். "அவ கண்ணுக்குத் தப்பி அம்மைக்கு மருந்து கண்டுபுடிச்சுற முடியுமுங்களா?" என்றார் மணியகாரர்.

காலையில் பூசாரி கோயிலுக்குள்ளேயே பொட்டலங்களைக் கட்டிவைத்துவிட்டு வெளியே வந்தார். எடுக்க வேண்டியவள் மாராயி. நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு வந்தால் அந்தக் கைக்குத் தழும்பு கிடையாது. அடுத்த பறை எந்த ஊரில் அடிக்கும் என்று யார் கண்டது? குழந்தை ஒன்றைத் தொட்டாள், விட்டாள், மற்றதை எடுத்தாள். அப்போது தற்செயலாகத் திரும்பினேன். கோயில் நிழலைக்கூட மிதிக்காத மாணிக்கம், வேட்டியை இறக்கிவிட்டு, கண்ணை மூடி, கை கூப்பி நின்றுகொண்டிருந்தார். எனக்கு வந்த அதிர்ச்சியில் பூவைப் பார்க்கவே மறந்துபோனேன். "வெள்ளை!" என்று ஊர் கத்தியதும் அவர் கண் திறந்தார், நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். சுள்ளென்று சித்திரை வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "குளிருக்குக் கையைச் சேர்த்தேம்ப்பா" என்றார்.

எடுக்காத பொட்டலம்

ஊர்ப் பிள்ளைகள் அத்தனைக்கும் குத்தி முடிந்தது. முதல் கை மாராயியுடையது. குதிருக்குள்ளிருந்து, வைக்கோற்போருக்குள்ளிருந்து, எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் வந்தன. கை கழுவத் தண்ணீர் கேட்கலாமென்று கோயில் பின்புறம் போகும்போது, குழந்தை எடுக்காமல் விட்ட பொட்டலம் படியில் கிடந்தது. சிவப்பு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுப் போயிற்று என்று பார்க்கத்தான் பிரித்தேன். உள்ளே வெள்ளை அரளி.

இன்னொரு தரம் புரட்டிப் பார்த்தேன், வெள்ளைதான். வெள்ளைக்காரன் மருந்துக்கு இந்த ஊரில் முதல் எதிரி பூசாரிதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். சாமிக்கு முன்னாலேயே இப்படி ஒரு தகிடுதத்தம், அதுவும் மாரியாத்தாளுக்கு முன்னாலேயே! பூசாரி மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பூவைக் கூடையில் கொட்டிக்கொண்டார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரோரம் முழுக்கச் செவ்வரளி, இலை தெரியாமல் பூத்து நின்றது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "செவப்பு இன்னைக்குப் பூக்கலீங்க சாமி."

திரும்பி வந்த வழி

திரும்பும்போதும் என்னை நடக்கத்தான் விட்டார்கள். வாத்தியாருக்குக் கொண்டாட்டம். "பார்த்தீரா, அந்த டாக்டர் ஆஸ்திகர் என்று அம்பாளே சாட்சி சொல்லிவிட்டாள்" என்றார். மாணிக்கம் சிரித்தார். "அம்பாள் எதுக்கு? அவர் பாதிரியார் மகன். கோயிலுக்குப் போகிற ஆள்தான். நான் படித்திருக்கிறேன்" என்றார். வாத்தியாரும் விடவில்லை. "ஜெர்மனிக்காரர் சொல்கிற சாமி வேண்டுதல் கேட்கிற சாமி இல்லை, மனுஷன் நல்லது கெட்டதில் தலையிடாத சாமி என்று எனக்கும்தான் தெரியும்" என்றார். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

நான் பெட்டியை நடுரோட்டில் இறக்கி வைத்துவிட்டேன். பெட்டிக்காரன் அப்படிச் செய்யக்கூடாது, ஆனாலும் செய்தேன். "பாதிரியார் மகன்னு தெரிஞ்சுதான் இருந்தீங்களா? அந்த ஒரு வார்த்தையை மந்தையில சொல்லியிருந்தா அப்பவே எல்லாப் பிள்ளைக்கும் குத்தியிருக்கலாமுங்களே!" என்றேன். மாணிக்கம் என்னை விவரம் கெட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சொல்லியிருந்தால் வாத்தியார் ஜெயிச்சிருப்பாரேப்பா!" என்றார்.

மாராயியின் கை

அடுத்த வாரம் குத்தின இடத்தைப் பார்வையிடப் போனோம். பக்கத்து ஊரில் பறை நின்றபாடில்லை. இந்த ஊரில் ஒரு வாசலிலும் வேப்பிலை ஏறவில்லை. மாராயி கையில் மருந்து நன்றாகப் பிடித்து முத்துமுத்தாகப் பழுத்திருந்தது. செல்லாயி அதன்மேல் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று மாணிக்கம் அவளிடம், தான் அப்புறம் புஸ்தகத்தைத் தேடிப் பார்த்ததாகவும், அந்த டாக்டர் தன் மகனுக்கும் குத்தித்தான் பார்த்திருக்கிறார் என்றும் பெரிய மனிதத் தோரணையில் சொன்னார். அவரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவள் என் பக்கம் திரும்பினாள்: "இப்பச் சொல்றாருங்ண்ணா, புள்ளைக்குப் பழுத்த பொறவு."

மாணிக்கத்துக்கு அப்புறம் நான் கும்பிடு போட்டதில்லை, வாத்தியார் எதிரே வந்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுவேன், இரண்டு பொட்டலத்திலும் ஒரே பூ இருந்ததை அவர்களுக்கு நான் சொல்லவும் இல்லை. உலகத்துப் பெரிய விஞ்ஞானிகளில் யார் சாமியை நம்பினார், யார் நம்பவில்லை என்று இன்றைக்கும் யாராவது என் எதிரில் ஆரம்பித்தால், அந்த ஊரில் அன்றைக்குச் செவ்வரளி பூக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறேன்.