யாராண்ட பேசணும்?

"நாடு அப்பால. மொதல்ல யாராண்ட பேசணும், அத்த சொல்லு" என்று கேட்டுக்கொண்டே தனகோடி ஒரு போனின் முதுகைச் சேலை ஊக்கால் நெம்பித் திறக்கிறார். எதிரே நிற்கிறவன் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்குகிறது. வெள்ளிக்கிழமை லண்டனுக்குப் போகிறான். போன இடத்தில் நெட் பார்க்க எந்த டேட்டா பேக் எடுப்பது என்று கேட்க வந்தவன், இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

"பொண்டாட்டியாண்டயா, மேனேஜராண்டயா?"

அவன் சிரிக்கிறான். தனகோடி சிரிக்கவில்லை. "மேனேஜருன்னா ஆபீஸ்ல குடுக்கிற சிம்மு போதும். பொண்டாட்டின்னா அங்க எறங்கினதும் ஒரு லோக்கல் சிம்மு வாங்கிக்க. ரெண்டு பேருன்னா ரெண்டும் வோணும் நைனா. ஒண்ணுலயே பேசிக்கினு இருந்தா இன்னொருத்தர மறந்துடுவ."

கேளம்பாக்கத்தில் கோவளம் சாலை பிரிகிற முனைக்குச் சற்று முன்னால், ஷேர் ஆட்டோக்கள் திரும்புகிற இடத்தில் அவருடைய கடை. கட்டில் ஒன்றைப் போட்டால் நிறைந்துவிடும் அளவு. அதற்குள் ஒரு கண்ணாடி மேசை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்டூல்கள், ஒரு எவர்சில்வர் அஞ்சறைப்பெட்டி. கடுகும் சீரகமும் இருக்கவேண்டிய குழிகளில் கம்பெனி வாரியாக சிம் கார்டுகள். நடுக்குழியில் மட்டும் ஏலக்காய் வைத்திருக்கிறார். நெடுநேரம் பேசினால் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்.

தொண்ணூற்று நாலில் இதே இடத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்தவர். தையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். பத்தாவது வரை படிப்பு. பூத்தில் உட்கார்ந்த காலத்தில் நாடுகளின் ஐ.எஸ்.டி. எண்கள் மனப்பாடமாகிவிட்டன. அவற்றோடு அந்தந்த ஊரில் இப்போது என்ன மணி என்பதும். அதனால் ஆட்களையும் அவர் எண்ணால்தான் சொல்லுவார். "அறுவத்தஞ்சு லீவுக்கு வந்துக்கீது" என்றால் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். "நாப்பத்திநாலு பத்திரிகை வெச்சுட்டுப் போச்சு" என்றால் லண்டன்காரருக்குக் கல்யாணம். அவர் போன தூரம் வடக்கே திருப்பதி, தெற்கே மேல்மருவத்தூர். விமானம் ஏறியிருக்கிறீர்களா என்று ஒருமுறை கேட்டேன். "மேல போவுது, கீழ கீறேன். ரெண்டு பேருக்கும் தகராறு இல்ல" என்றார்.

வெளிநாடு போகிற யாரும் அவர் கண்முன்னே போனில் நெட்டை அணைத்துக் காட்டாமல் கடையை விட்டு இறங்க முடியாது. "நீ தூங்குவ, போன் தூங்காது. அது பாட்டுக்கு மெயில இஸ்துக்கினே இருக்கும். நம்ம ஊர் சிம்முல அங்க நெட்டு போட்டியோ, பில்லு எகிறிப் பேஜாரு." இதை மனைவி மக்கள் எதிரிலும் சொல்லுவார், மேலதிகாரி எதிரிலும் சொல்லுவார்.

சென்னையிலிருந்து வரும் ஒரு மாத இதழுக்கு நான் மெய்ப்புத் திருத்துகிறேன். திருத்திய பக்கங்களை அனுப்ப அவருடைய கம்ப்யூட்டர்தான் எனக்கும். அதனால் இரண்டாயிரத்து ஒன்பது ஜனவரியில் ஸ்வாதி வந்தபோது நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்வாதிக்கு இருபத்தாறு வயதிருக்கும். கரூர்ப் பெண். பின்தெரு அடுக்ககத்தில் அம்மாவோடு குடியிருந்தாள். அலுவலகத்தில் மூன்று மாதம் ஜெர்மனிக்கு அனுப்புகிறார்கள்.

"யாராண்ட பேசணும்?"

"அம்மாகிட்ட."

"அது சுளுவு. ஒரு காலிங் கார்டு..."

"அம்மாவுக்குக் காது கேக்காதுக்கா. பேச்சும் வராது."

தனகோடி கையிலிருந்த ஊக்கைக் கண்ணாடிமேல் வைத்தார். "அப்ப மெசேஜு?"

"மூணாவது வரைக்கும்தான் படிச்சாங்க. பேர் எழுதுவாங்க, பஸ் போர்டு படிப்பாங்க, ஒண்ணு ரெண்டு வார்த்தை வரும். நாங்க கையாலதான் பேசுவோம். பள்ளிக்கூடத்துல சொல்லித்தர்ற ஜாடை இல்ல, எங்க வீட்டு ஜாடை. எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்." பிறகு, "அவங்களாலே தனியா இருக்க முடியும்க்கா. சமைப்பாங்க, ஜாக்கெட் தைக்கிறாங்க. ஆனா மூணு மாசம் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாம எப்படி இருப்பாங்க? போகலைன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றாள்.

"இன்னாத்துக்கு? நாலு நாள் டைம் குடு."

அந்த நாலு நாளும் தனகோடி ஒரே வேலையாக இருந்தார். ஏற்கெனவே ஜெர்மனியில் இருந்த தன் வாடிக்கையாளர் ஜெபகுமாருக்கு மிஸ்டு கால் கொடுப்பார்; அவன் திருப்பிக் கூப்பிடுவான். கம்ப்யூட்டரில் சொருகுகிற நெட் குச்சியை அந்த ஊரில் எங்கே விற்கிறார்கள், பாஸ்போர்ட் காட்டினால் தருவார்களா, என்னென்ன பேக் உண்டு என்று கடைக்காரரிடம் விசாரித்துச் சொல்ல அவனை அனுப்பினார். பாவம், அவன் அலுவலக இடைவேளையில் போய்க் கேட்டு வந்து ஒப்பித்தான். நாள் கணக்கில் ஒரு பேக் இருந்தது; தினமும் புதுப்பிக்க வேண்டும். மாதக் கணக்கில் ஒன்று இருந்தது. குறிப்பிட்ட அளவு தாண்டினால் வேகம் குறையும், ஆனால் அறுந்துபோகாது.

"அறுந்துபோவாதுன்னா அதான் நல்லது. மாசத்துக்கே எடுத்துக்க சொல்லு" என்று தனகோடி முடிவு செய்தார். ஸ்வாதி தங்கப்போகும் விடுதியில் நெட் கிடையாது. அலுவலக நெட்டில் படம் பார்த்துப் பேச அனுமதி இல்லை. ஆகவே குச்சிதான் வழி. இந்தப் பக்கத்துக்குக் கடைக் கம்ப்யூட்டரின் மேல் ஒரு கேமராவை வாங்கிப் பொருத்தினார். ஸ்வாதி அங்கே காலை ஏழு மணிக்கு, வேலைக்குப் புறப்படுமுன் திரையில் வருவாள். இங்கே பதினொன்றரை.

அப்படித்தான் ஸ்வாதியின் தாயார் விஜயகுமாரி அம்மா எங்கள் கடைக்கு வரத் தொடங்கினார். ஒடிசலான உடம்பு, இஸ்திரி மடிப்புக் கலையாத காட்டன் சேலை. பதினொன்றுக்கே வந்து ஸ்டூலில் உட்காருவார். படம் தெளிந்து மகள் முகம் தெரிந்ததும் அவருடைய இரண்டு கைகளும் கிளம்பிவிடும். கன்னத்தைக் கிள்ளுவார், காற்றை மடிப்பார், மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டுவார். மகள் அங்கிருந்து பதில் சொல்லுவாள். இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம். சத்தமே இல்லாத அந்தப் பேச்சில் அவர் சில சமயம் தோள் குலுங்கச் சிரிப்பார்.

பத்து நாள் இப்படிப் போயிற்று. பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. படம் வந்தது, வந்த வேகத்தில் குழம்பியது. ஸ்வாதியின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நீரில் கரைந்த மை போல இழுபட்டன. பிறகு படம் அப்படியே நின்றுவிட்டது. நின்ற படத்தில் அவள் கண்கள் பாதி மூடியிருந்தன. ஒரு கை தொண்டையைப் பிடித்திருந்தது.

விஜயகுமாரி அம்மா எழுந்து நின்றார். தன் கையைத் தன் தொண்டையில் வைத்து தனகோடியைப் பார்த்தார். மேசைமேல் கிடந்த ரசீதுப் புத்தகத்தை இழுத்துப் பின்பக்கம் 'உடம்பு' என்று எழுதினார். கேள்விக்குறி போடத் தெரியவில்லை; முகத்தில் இருந்தது.

தனகோடி உடனே ஸ்வாதியைப் போனில் பிடித்தார். அவளுக்கு ஒன்றுமில்லை. குளிருக்கு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தாளாம், அப்போது படம் நின்றிருக்கிறது. இதை எப்படிச் சொல்வது? தனகோடி தலையாட்டினார், சிரித்துக் காட்டினார், கட்டை விரலை உயர்த்தினார். 'நல்லா இருக்கேன் அம்மா' என்று ஸ்வாதியிடமிருந்து மெசேஜ் வரவழைத்து, அதைத் தமிழில் எழுதியும் காட்டினார். விஜயகுமாரி அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டுத் தாளைத் தள்ளினார். யார் வேண்டுமானாலும் எழுதலாமே. எல்லாரும் சேர்ந்து தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று அவர் நினைப்பது எனக்கே புரிந்தது. திரையில் மகள் தொண்டையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவர் போய் அந்தக் கையைத் தொட்டார்.

தனகோடி ஏலக்காய்க் குழிக்குக் கையைக் கொண்டுபோய், எடுக்காமலே திரும்பினார்.

"தப்பு என்னுது சார்" என்றார் என்னிடம். "அளவு தீந்து ஸ்பீடு கொறஞ்சிப்போச்சு. பேசறவங்களுக்கு ஸ்லோ ஆனாலும் ஒண்ணு ரெண்டு வார்த்தை காதுல வுழும். கைக்கு அப்டி இல்லியே. காதுக்குப் பாத்துக் குடுத்துட்டேன், கண்ணுக்குப் பாக்கல."

அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது. திங்கட்கிழமை பத்து மணிக்குத் திறந்தால்தான் வேறு பேக். அதுவரை இந்த அம்மாள் எப்படி இருப்பார்? தனகோடி மறுபடி போனை எடுத்தார்.

"ஸ்வாதி, அந்தக் குச்சி இப்ப வேலைக்காவாது. உன் நம்ம ஊர் சிம்மு கீதுல்ல? நெட்ட ஆன் பண்ணு."

அணைத்து வைக்கச் சொன்னதே நீங்கதானே என்று மறுமுனையில் அவள் கேட்டிருக்க வேண்டும்.

"நான்தான் ஆஃப் பண்ணச் சொன்னேன், நான்தான் சொல்றேன், ஆன் பண்ணு. பக்கத்து ரூம்ல ஆள் கீதா? அதுங்கையில போனக் குடு. சிரிச்சிக்கினு நிக்காத, உங்கம்மா சிரிப்ப நம்பல. கையில ஏதாச்சும் சொல்லு. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சது. அத்த போட்டோ புடிச்சு மெயில்ல போடு. மூணு போதும். போட்டதும் ஆஃப் பண்ணிடு."

படங்கள் வர இருபது நிமிடம் ஆயிற்று. வாசலுக்கு வந்த இரண்டு பேரை, "அப்பால வா" என்று தனகோடி திருப்பி அனுப்பினார். முதல் படம் மேலிருந்து கீழாக, கோடு கோடாக இறங்கியது. ஸ்வாதி கழுத்தில் சுற்றிய மஃப்ளரின் முனையைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறாள். இரண்டாவதில் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டிருக்கிறாள். மூன்றாவதில் வலது கையின் சுண்டுவிரலை மடக்கி, காதுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

விஜயகுமாரி அம்மா மூன்றாவது படத்தை நெடுநேரம் பார்த்தார். அதற்கு என்ன அர்த்தமோ, எனக்குத் தெரியாது, தனகோடிக்கும் தெரியாது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தன் சுண்டுவிரலையும் மடக்கிக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தனகோடி நீட்டிய தண்ணீரைக் குடித்தார்.

அன்று மாலை தனகோடி ஜெபகுமாரைப் பிடித்து, ஒவ்வொரு பேக்கும் எத்தனை நிமிடப் படத்துக்குத் தாங்கும் என்று கணக்குக் கேட்டார். நாள் பேக்தான் சரி என்று தெரிந்தது. தினம் புதுப்பிக்கிற தொல்லை இருக்கிறது, ஆனாலும் மறுநாள் முழு வேகத்தோடு தொடங்கும். ஸ்வாதிக்குச் சொல்லும்போது இன்னொன்றும் சேர்த்துச் சொன்னார்: "பூப்போட்ட சொக்கா போடாத. வெள்ளச் செவுத்தாண்ட உக்காரு. பின்னால எதுவும் ஆடக் கூடாது. ஆடறது உன் கை மட்டும் இருந்தா நெட்டு தாங்கும்." இதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். "பத்து நாளாப் பாத்துக்கினுதான கீறேன்" என்றார்.

திங்கட்கிழமை ஸ்வாதி அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கி, அங்குள்ள கடையில் பேக்கை மாற்றிக்கொண்டு அறைக்கு வந்தாள். இங்கே மூன்றரை மணி. விஜயகுமாரி அம்மா பதினொன்றிலிருந்தே உட்கார்ந்திருந்தார். நடுவில் தனகோடி வாங்கி வந்த எலுமிச்சை சாதப் பொட்டலத்தில் பாதியைச் சாப்பிட்டிருந்தார். படம் வந்தது. வெள்ளைச் சுவர், கறுப்பு ஸ்வெட்டர், அதன் முன்னால் இரண்டு கைகள். பத்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன.

விஜயகுமாரி அம்மாளின் கைகள் உயர்ந்தன. முதலில் கோபமாகத்தான் பேசினார் என்று நினைக்கிறேன். விரல்கள் வெட்டி வெட்டி இறங்கின. பிறகு மெல்ல மெல்ல வேகம் தணிந்தது. மகள் ஏதோ சொல்ல, அம்மா இரண்டு கைகளையும் மார்பில் சேர்த்து வைத்தார்.

பள்ளி விட்ட நேரம். ஷேர் ஆட்டோவுக்காக நின்றவர்களில் நாலைந்து பேர் கண்ணாடி மேசையில் கைகளை ஊன்றி, உள்ளே நடப்பதை வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். தனகோடி எழுந்தார். ஷட்டரைப் பாதிவரை இறக்கினார். நானும் கைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் தோளைப் பிடித்து, ஸ்டூலோடு சாலைப் பக்கம் திருப்பி உட்காரவைத்தார்.

"பேசிக்கினு கீறாங்க சார்" என்றார் தாழ்ந்த குரலில்.

பிறகு அவரும் திரைக்கு முதுகைக் காட்டி, சேலைத் தலைப்பை அகல விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலை மறைத்து நின்றார்.