கணவருக்கு ஒரு வேலை

சுங்கை பட்டாணியில் நாங்கள் நடத்திய இணைய வேலைவாய்ப்புத் தளத்துக்கு வருமானத்துக்கான வழியே பிடிபடவில்லை. தொழிற்சாலைகள் கட்டணம் தர மறுத்ததால் வேலை தேடுபவர்களிடமே கேட்டோம். கட்டியவர் ஒருவர்தான். புக்கிட் செலம்பாவிலிருந்து மோட்டாரில் வரும் ஒல்லியான அக்கா. கணவருக்கு வேலை வேண்டுமென்று மாதந்தோறும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து பணம் கட்டுவார். திரையில் கணவரின் பதிவிலுள்ள படத்தைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டுப் போவார்.

ஒருநாள் ஒரு தொழிற்சாலையிலிருந்து அழைத்து, அவருடைய கணவர் நேர்முகத் தேர்வுக்கு வந்தார், வேலை கொடுத்துவிட்டோம் என்றார்கள். அங்கே எடுத்த படத்தையும் அனுப்பினார்கள். அக்காவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“இந்தச் சட்டையிலதான் தம்பி போன வருஷம் அவர புதைச்சோம்.”

அக்காவே மெல்லக் கேட்டார்:

“பெர்மனன்ட் வேலைதானே லா?”

“ஆமாக்கா,” என்றேன்.

பிறகு அக்கா வரவேயில்லை. தளத்தையும் மூடிவிட்டோம். அந்த ஒரு பதிவை அழிக்க மட்டும் எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.