வெள்ளிக்கிழமை நடுக்கம்

முதலில் வீங்கியது கால்தான். என் கணவர் இரத்தோட்டையிலிருந்து சீகிரியாவுக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றி வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் கால் வீங்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டோம். பிறகு வயிறு பெருத்தது. முதலாளி மாதிரி இருக்கிறார் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். ஒரு நாள் காலையில் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தார். கண்ணில் வெள்ளையையே காணவில்லை, எல்லாம் மஞ்சள்.

இதைப் படிக்கிற சிலருடைய வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மாத்தளைக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் பார்த்தார்கள். ஈரல் அழற்சி (ஈரல் புண்பட்டு வீங்குவது) என்றும், மகோதரம் (வயிற்றுக்குள் நீர் தேங்குவது) என்றும் சொன்னார்கள். எவ்வளவு குடிப்பார் என்று டொக்டர் அம்மா கேட்டார். சிங்களவர், ஆனால் எங்களோடு தமிழில்தான் பேசினார்.

“கூட்டாளிமாரோட மட்டுந்தான் டொக்டர். தனியா ஒரு நாளும் குடிச்சதில்ல” என்றார் என் கணவர்.

நானும் தலையாட்டினேன். அதில் பொய்யில்லை. தனியாக உட்கார்ந்து குடித்து நான் பார்த்ததில்லை, ஸ்டியரிங் பிடிக்கும் நேரத்தில் தொடவும் மாட்டார். ஆனால் கூட்டாளிகளுக்குக் காரணமா பஞ்சம்? கல்யாணம், செத்த வீட்டுக் கேதம், கோயில் கூட்டம், ஒருவன் வெளிநாடு போவது, அவனே திரும்பி வருவது. வேனுக்குப் புது டயர் போட்ட அன்றும் ஒரு போத்தல் வந்தது. இப்படியே கிட்டத்தட்ட எல்லா ராத்திரிக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

என்னிடம் இன்னும் பலமான சாட்சி ஒன்று இருந்தது. அதையும் எடுத்து வைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் இவர் தொடவே மாட்டார், அன்று மரக்கறிதான், கோயிலுக்குப் போவார் என்றேன். குடிகாரன் என்றால் அப்படி இருக்க முடியுமா? டொக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“வெள்ளிக்கிழமைல இவரு எப்படி இருப்பாரு?”

சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது. திருநீறு எடுத்தால் கை நடுங்கிப் பாதி தரையில் கொட்டும். சட்டை வேர்த்து நனையும். பிள்ளைகள் சிரித்தால்கூட எரிந்து விழுவார். இரவில் புரண்டுகொண்டே கிடப்பார். விரதக் களைப்பு என்று நானே முடிவுசெய்து, தேசிக்காய் (எலுமிச்சை) பிழிந்து தண்ணீர் கரைத்துக் கொடுத்திருக்கிறேன். அடுத்த நாள் கூட்டாளிகளோடு உட்கார்ந்து எழும்பினால் ஆள் பழையபடி ஆகிவிடுவார்.

அது களைப்பில்லை, விலகல் அறிகுறி (குடிக்குப் பழகிய உடம்பு அது கிடைக்காதபோது படும் பாடு) என்று டொக்டர் அம்மா விளக்கினார். பிறகு மெதுவாக, “குடிக்காத நாள்லதாம்மா இந்த வியாதி தெரியும்” என்றார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவர்மேல், என்மேல், அந்த டயர்மேல்கூட. இத்தனை வருடமாக எந்த நாளைக் காட்டி நெஞ்சை நிமிர்த்தினேனோ அந்த நாளில்தான் நோய் எங்கள் வீட்டுக்குள் வெளிப்படையாக நடமாடியிருக்கிறது.

வார்டில் வைத்துக்கொண்டார்கள். முதல் சில நாட்கள் பொல்லாதவை. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று இல்லாத எறும்பைத் தட்டிக்கொண்டே இருந்தார். தயமின் (குடியால் உடம்பு இழந்துவிடும் ஓர் உயிர்ச்சத்து) ஊசி போட்டார்கள், நடுக்கத்துக்கும் மருந்து கொடுத்தார்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பல காலம் குடித்தவரை வீட்டில் அடைத்து வைத்து ஒரே நாளில் நிறுத்தப் பார்க்காதீர்கள். வலிப்பு வந்து உயிரே போகலாம். வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.

உப்பைக் குறைத்தோம், நீர் வடிய மாத்திரை எடுத்தார். வயிறு வற்றியது. மெலிந்துவிட்டாரே என்று ஊரார் கவலைப்பட்டார்கள். அவருடைய விலா எலும்பைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஈரலில் தழும்பு கொஞ்சம் விழுந்திருக்கிறது, ஆனாலும் மீளக்கூடிய நிலைதான் என்றார் டொக்டர் அம்மா. மறுபடி குடித்தால் தாங்காது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

என் கணவருக்குப் போத்தலைவிட மனிதர்கள்மேல்தான் பயம். கேட்டவர்களிடமெல்லாம் கேஸ்டிரைட்டிஸ் (இரைப்பைப் புண்), மருந்து எடுக்கிறேன் என்று சமாளித்தார். மருந்து முடியட்டும், பார்த்துக்கொள்வோம் என்று அவர்களும் காத்திருந்தார்கள்.

அப்போதுதான் இளைய மகள் பெரியவளானாள். சடங்கு வைக்க வேண்டும். குடி இல்லாத சடங்கு எங்கள் சொந்தத்தில் நடந்ததே கிடையாது. தம்புள்ளையில் மரக்கறி வியாபாரம் செய்யும் என் அண்ணன், தாய்மாமனாகச் சீர்த்தட்டுகளோடு தன் வேனில் வந்து இறங்கினார். பின்சீட்டில் ஒரு பெட்டி. உள்ளே என்ன என்று கேட்கத் தேவையில்லை.

வாசலை மறித்து நின்றேன். “அண்ணே, அந்தப் பெட்டி வேன்லயே இருக்கட்டும். இல்லாட்டி சீரும் வேன்லயே இருக்கட்டும்.”

“ஊரு சிரிக்கும்மா” என்றார். கூட வந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடப்பிறந்தவர் அப்படியே திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை, ஆனாலும் வழி விடவில்லை. அதற்குள் என் கணவர் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

“மச்சான், எனக்கு கேஸ்டிரைட்டிஸ் இல்ல. ஈரல் போச்சு, குடிச்சுத்தான் போச்சு. மருந்து முடிஞ்சாலும் இனிமே நான் குடிக்க முடியாது. ஒரு கிளாஸ் எடுத்தேன்னா அதோட நிக்க மாட்டேன், செத்துருவேன்.”

அத்தனை பேர் முன்னால் சொன்னார். குரல் நடுங்கவேயில்லை. அண்ணன் சீர்த்தட்டுகளை மட்டும் இறக்கச் சொல்லிவிட்டு, வேனைப் பூட்டிச் சாவியை என் கையில் வைத்தார். சிலர் முகத்தைத் தூக்கிக்கொண்டு டவுன் பக்கம் நடையைக் கட்டினார்கள். போகட்டும் என்று விட்டேன்.

அன்று சோறு பத்தவில்லை! எப்போதும் ஆண்கள் பின்பக்கம் கிளாஸோடு இருந்துவிட்டுக் கடைசியில் வந்து, சாப்பிடாமல் இலையில் கோலம் போடுவார்கள். அந்தக் கணக்கில்தான் நாங்களும் சமைத்திருந்தோம். அன்று எல்லாரும் நேரத்துக்கே உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். இன்னொரு பானை உலையில் ஏறியது. என் கணவர்தான் அரிசி கழுவினார், அண்ணன் தேங்காய் துருவினார். மகளுக்கு ஆலாத்தி எடுத்தபோது அவள் அப்பா பக்கத்திலேயே நின்றார். மூத்தவள் சடங்கின் ஆல்பத்தில் அவர் ஒரு படத்திலும் இல்லை.

எல்லாம் முடிந்து பந்தல் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தேன். எந்த விசேஷத்திலும் நான் உட்கார்ந்ததில்லை. யார் குரல் உயர்கிறது, இவர் எந்தப் பக்கம் போகிறார் என்று என் உடம்பு காவல் நின்றே பழகியிருந்தது. எப்போது கண் சொருகியதோ தெரியாது. அவர் தோளைத் தொட்டு எழுப்பினார்.

“எழும்பு. எல்லாரும் போய்ட்டாங்க.”

கதிரைகளை அடுக்கி, பந்தலைக் கூட்டிப் பெருக்கியிருந்தார்கள். என் வீட்டுச் சடங்கில் ஒருவரைக்கூட வழியனுப்பாமல் தூங்கியிருக்கிறேன். கொஞ்சம்கூட வெட்கம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் தூங்குகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.