கலைமணி சொல்லிக்கொடுத்த பதில்

கலைமணிக்குத் தன் பெயரைச் சொல்வதென்றால் வேப்பங்காய். சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோக்காரர் கேட்டாலும் சரி, டீக்கடை ராஜம்மா கேட்டாலும் சரி, "ரகு" என்பார். "பேரு தெரிஞ்சா வூட்டு வாசல் வரிக்கும் வந்துடுவானுங்க" என்பது அவர் கட்சி. கேன்டீனில் யூனியன் பேச்சை எடுத்தால், ஒட்டுக்கேட்கும் என்று எங்கள் போன்களை எல்லாம் பிடுங்கிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு, அடுத்த மேசையில் வைத்துவிட்டு வருவார். நாங்கள் கேலி செய்வோம்.

கோபிநாத் விஷயத்துக்குப் பிறகு கேலி நின்றது. ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் எங்கள் ஆலையில் அவன் கலைமணிக்கு அடுத்த மிஷின். நமக்கும் ஒரு சங்கம் வேண்டும் என்று கம்பெனி பஸ்ஸில் வாய்விட்டுச் சொன்னான். மறுநாள் கேட்டில் அவன் கார்டு வேலை செய்யவில்லை. அவனைத் திரும்ப உள்ளே கொண்டுவரத்தான் சங்கம் தொடங்கினோம், தொழிலாளர் அலுவலகத்தில் மனுவும் போட்டோம்.

அந்த நேரம் பார்த்துத்தான் தேவிப்பிரியா வந்தார். தொழிலாளிக்குச் சங்கத்தின் மேல் எவ்வளவு பிடிப்பு, கம்பெனியின் மேல் எவ்வளவு பிடிப்பு என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். கேன்டீனுக்கு அவரை அழைத்து வந்ததே எச்.ஆர். அதிகாரிதான். கலைமணிக்கு அது போதாதா?

"அந்தம்மா அவுங்க ஆளு," என்றார் பஸ்ஸில், உதடு அசையாமல். "இன்னா கேட்டாலும் கம்பெனிதான் எங்க வூடு, சங்கம் வோணாம்னு சொல்லிடுங்க."

தேவிப்பிரியா எங்களிடம் பெயரே கேட்கவில்லை. அதுதான் கலைமணிக்கு இன்னும் உறுத்தியது. பெயர் வேண்டாம் என்கிறவருக்கு ஏற்கெனவே பெயர் தெரிந்திருக்கும் என்றார். கேட்காமலே "ரகு" என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கும் அந்தப் பெண்ணின் சிரிப்பு பிடிக்கவில்லை. லைனில் இருந்த எல்லோரும் கம்பெனிதான் எங்கள் வீடு என்றோம்.

மனு விசாரணையில் கம்பெனி வக்கீல் அதைத்தான் வாசித்தார். பல்கலைக்கழக ஆய்விலேயே தொழிலாளிகள் சங்கம் வேண்டாம் என்கிறார்கள், கோபிநாத் ஒருவன்தான் கலகக்காரன் என்றார். கோபிநாத் எங்களைத் திரும்பிப் பார்த்தான்.

பின்வரிசையிலிருந்து தேவிப்பிரியா எழுந்தார். அவர் வந்திருந்ததையே நாங்கள் கவனிக்கவில்லை.

"சார், எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னாங்க. யாரும் மனசுலேர்ந்து பேசலை. இதை முடிவா எடுத்துக்கக் கூடாதுன்னு கம்பெனிகிட்டயே சொன்னேன்."

"அப்படின்னா யாரு சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார் தொழிலாளர் அதிகாரி.

வக்கீல் பக்கத்தில் இருந்த எச்.ஆர். அதிகாரி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கலைமணி அந்தப் பேனாவைப் பார்த்தார், கோபிநாத்தைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"நான்தான் சார். அந்தம்மாவ வேவு பாக்க வந்தவங்கன்னு நெனச்சிகினு அப்டி சொல்லச் சொன்னேன். எங்களுக்குச் சங்கம் வோணும். கோபி உள்ள வரணும்."

"உங்க பேரு?"

பழக்கதோஷத்தில் "ர" என்று தொடங்கியவர் நிறுத்தினார். எச்.ஆர். அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் எழுதிக்கோங்க சார். கலைமணி."

அவர் எழுதிக்கொண்டார்.