திருநீறு போட்டுத் தேய்த்த ரூபாய்

அவித்த முட்டை மணம் எங்காவது அடித்தால் எனக்குப் பசிக்காது. என்மேல் எனக்கே ஓர் இளக்காரம் கிளம்பும்.

அப்பா விட்டுப்போன வெள்ளி ரூபாய் ஒன்று பழுப்புக் காகிதத்தில் பொதிந்து ஐம்பது வருடம் மரப்பெட்டியில் கிடந்தது. விளிம்பில் நீலம், அதற்குள் கருஞ்சிவப்பு, நடுவில் தேன்மஞ்சள். பாளையங்கோட்டையில் பழங்காசுக் கண்காட்சி வைக்கிற வங்கிக் குமாஸ்தாவுக்குப் படம் அனுப்பினேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். நடுக் கண்ணாடிப்பெட்டி அதற்குத்தான் என்றார். அப்படியே கொண்டுவாருங்கள், தொடாதீர்கள் என்றும் சொன்னார்.

அப்படியேவா? திருநீறு பூசும் எங்கள் வீடுகளில் கறுத்த வெள்ளி அடுத்தவர் கண்ணில் படுவது குளிக்காமல் கோயிலுக்குப் போவது மாதிரி. தொடாதீர்கள் என்றதை வெறும் மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொண்டேன். முதலில் புளி, பிறகு திருநீறு. பூசை விளக்கைத் தேய்க்கும் அதே வெறி. கால் மணி நேரத்தில் ஐம்பது வருடம் என் கட்டைவிரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. காசு புதுக் கரண்டி போலப் பல்லை இளித்தது. எனக்குப் பெருமை வேறு.

குமாஸ்தா லென்ஸ் வைத்துப் பார்த்தார். திட்டவில்லை. அது அழுக்கில்லை, காற்றிலும் காகிதத்திலும் இருக்கும் கந்தகம் வெள்ளியில் பிடித்த மெல்லிய படலம் என்றார். மஞ்சளாகத் தொடங்கிச் சிவந்து நீலமாக வருடக்கணக்காகுமாம். காசைத் திருப்பி என் உள்ளங்கையில் வைத்த விதத்திலேயே கண்ணாடிப்பெட்டி கைநழுவியது தெரிந்தது.

சும்மா இருந்தேனா? கைபேசியில் எவனோ ஒருவன் வித்தை காட்டினான்: அவித்த முட்டையோடு டப்பாவில் போட்டு மூடு, அதிலும் கந்தகம்தான். மூடினேன். இரண்டே நாளில் ஊதா, நீலம், மயில் கழுத்துப் பச்சை. மழைத் தண்ணீரில் டீசல் சிந்தியது போல ஒரு பகட்டு. வங்கியில் முத்திரை குத்துகிற ஆளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று கண்காட்சிக்கு முந்தின நாள் மறுபடி போய் நின்றேன்.

நடுப்பெட்டியை அவர் இன்னும் காலியாகத்தான் வைத்திருந்தார். அதுதான் இன்றும் சுடுகிறது. லென்ஸை எடுத்தார். என் திருநீறு இழுத்த கீறல்களுக்குள்ளும் நிறம் இறங்கியிருப்பதைக் காட்டினார். ஐம்பது வருட நிறம் நேற்றைய கீறலுக்குள் எப்படி வரும்? பிறகு காசை மூக்கருகே கொண்டுபோனார்.

“முட்டையா?”

“ஆமா.”

நடுப்பெட்டியில் வேறு யாருடைய காசையோ எடுத்து வைத்தார். வாசல்வரை கூடவே வந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, சிரிக்காமல் சொன்னார்:

“அண்ணாச்சி, இனிமே முட்டைய அவிச்சா தின்னுருங்க. காச வீட்டுல அங்கன பெட்டியிலயே போட்டுட்டு, உங்க சோலியப் பாருங்க.”