எழுபத்தொரு நாள் அணையாத கணினி

தொலைவிலுள்ள கணினியில் மென்பொருள் புதுப்பிப்பைத் தொடங்கும் முன், இணைப்பு அறுந்தாலும் வேலை அறாமல் தொடரும் தனி அமர்வு ஒன்றைத் திறந்துகொள்ள வேண்டும். புதுப்பிப்பை அதற்குள்ளிருந்தே ஓட்ட வேண்டும். அது முடியும்வரை பொறுப்பாளர் இருக்கையை விட்டு எழக் கூடாது.

இந்த மூன்று வாக்கியங்களையும் எழுதியவன் நான். மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில் எழுதினேன். மூன்றாவது வாக்கியத்துக்காக என் கீழ் இருந்தவர்கள் என்னைத் திட்டியது எனக்குத் தெரியும். அதை மீறிய இரண்டு பேருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணையும் கொடுத்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு, பழைய நண்பர் ஒருவர் என்னைப் பிடித்தார். அவர் செயலாளராக இருந்த அறக்கட்டளை, தமிழ்நாட்டு எல்லையோரம் மார்டள்ளிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் சின்ன மருத்துவமனை நடத்திவந்தது. நோயாளிகளின் பதிவேடு முழுக்க ஒரு பழைய லினக்ஸ் கணினியில் இருந்தது.

“நீங்க அங்க போகவே வேண்டாம் சார். மைசூர்ல உக்காந்துண்டே எல்லாம் பண்ணலாமாமே?” என்றார்.

சேவை மனப்பான்மையால் ஒப்புக்கொண்டதாக வெளியே சொல்லிக்கொண்டேன். கட்டளையிட்டால் கேட்க ஒரு கணினியாவது மிஞ்சட்டும் என்பதுதான் உண்மை.

அங்கே கணினியைப் பார்த்துக்கொண்டவர் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பெண். அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவர். டோக்கன் கொடுப்பது, பதிவேட்டில் ஏற்றுவது எல்லாம் அவர்தான். நான் அவரை நேரில் பார்த்தது ஒரே முறை. ஒன்பது கட்டளைகளை அச்சிட்டுப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். முதல் கட்டளை, எக்காரணம் கொண்டும் கணினியை அணைக்கக் கூடாது என்பது. பொட்டு வைக்காத குறையாக அதைச் சுவரில் ஒட்டிவைத்திருந்ததாக அங்கிருந்த செவிலியர் பிறகு சொன்னார்.

அது ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலைச் சிற்றுண்டி முடித்துவிட்டு, மாதாந்திரப் புதுப்பிப்பைத் தொடங்கினேன். தனி அமர்வைத் திறக்கவில்லை. பத்து நிமிட வேலை, எதற்கு என்று நினைத்தேன். என் கீழ் இருந்த அந்த இரண்டு பேரும் தங்கள் விளக்கத்தில் ஏறக்குறைய இதையே எழுதியிருந்தார்கள்.

பாதியில் வாசலில் மணி அடித்தது. எரிவாயு உருளை வந்திருந்தது. எழுந்து போனேன். பழைய உருளையின் மூடியைக் காணோம் என்று அந்த ஆளோடு கன்னடத்தில் கொஞ்சம் வாக்குவாதம், பிறகு காப்பி. திரும்பி வந்து பார்த்தபோது இணைப்பு அறுந்திருந்தது. மறுபடி நுழைந்து புதுப்பிப்பை ஓட்டினால், முந்தைய வேலை பாதியில் நின்றுபோயிருக்கிறது, முதலில் அதைச் சரிசெய் என்று கணினி மறுத்தது. பதிவேட்டுக்கு ஆதாரமான நிரல் அரைகுறையாக நிறுவப்பட்டுக் கிடந்தது. பதிவேடு திறக்கவில்லை.

இதற்கும் நடைமுறை உண்டு. பூட்டு விழுந்திருக்கிறதா பார். அரைகுறையாக நின்றதை முடித்துவை. உடைந்த சார்பு நிரல்களைச் சீர்செய். ஒவ்வொன்றாகச் செய்தேன். அந்த ஒரு நிரல் மட்டும் எழுந்து நிற்க மறுத்தது. மறுநாள் அங்கே சர்க்கரை, இரத்த அழுத்த முகாம். மலையடிவாரத்திலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வயதானவர்கள் வருவார்கள். எரிச்சலோடு அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணினீங்களா?”

“இல்லீங்க சார். நானு அதத் தொடவே இல்லீங்க.”

“கரண்ட் போச்சா?”

“போகலீங்களே. ஃபேன் ஓடிட்டுத்தானுங்க இருக்குது.”

“அப்ப யார் பண்ணினது? பேயா?”

“எனக்கெப்படிங்க தெரியும்? உள்ளார இருந்தது நீங்கதானுங்களே சார்.”

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குத் திமிராகப் பட்டது. அதில் இருந்தது வெறும் தகவல் என்பது அப்போது என் காதில் ஏறவில்லை.

முகாம் நாளில் பழைய மருந்துச் சீட்டுகளைத் தேடி எடுக்க முடியவில்லை. பாதிப்பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள். சத்தம் போட்டார்களாம். புதன்கிழமை மாலை நான் கணினியைச் சரிசெய்துவிட்டேன். செயலாளர் காரணம் கேட்டார். நான்கு வரியில் அறிக்கை அனுப்பினேன். ‘புதுப்பிப்பின்போது மருத்துவமனையில் கணினி அணைக்கப்பட்டிருக்க வாய்ப்புள்ளது. பணியாளர் மறுக்கிறார்.’ அலுவலக மொழி தெரிந்தவர்களுக்கு, இப்படி எழுதினால் தீர்ப்பு எழுதியாயிற்று என்று தெரியும். வாய்ப்புள்ளது என்ற சொல் எழுதியவனுக்கான குடை. நனைவது வேறொருவர்.

மாத முடிவில் அந்தப் பெண்ணின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். பாவம் என்று மனைவியிடம் சொன்னேன். நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

ஜூலையில் மறுபடி நுழைந்தேன். இந்த முறை தனி அமர்வைத் திறந்துவிட்டு, எழாமல் உட்கார்ந்திருந்தேன். காத்திருக்கும் நேரத்தில் விரல்கள் பழைய பழக்கத்தில் ஒரு சின்னக் கட்டளையைத் தட்டின. கடைசியாக எழுப்பியதிலிருந்து எத்தனை நாளாக விழித்திருக்கிறாய் என்று கணினியைக் கேட்கும் கட்டளை அது. எழுபத்தொரு நாள் என்றது. மே மாதத் தொடக்கத்தில் மறுதொடக்கம் செய்தது நான்தான். அதற்குப் பிறகு அது ஒரு நொடிகூட அணையவில்லை.

கணினி தன் வேலைகளைத் தானே குறித்துவைக்கும் பதிவுக் கோப்பைத் திறந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமையின் கடைசி வரி ஒரு கேள்வி. ‘இந்த அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், உங்களுடையதை வைத்துக்கொள்வதா, புதியதைப் போடுவதா?’ அதற்குக் கீழே ஒன்றுமில்லை. என் பதிலுக்காகக் காத்திருந்து, இணைப்பு அறுந்ததும் வேலை செத்திருக்கிறது.

மனைவியிடம் கேட்டேன். “அன்னைக்குச் சிலிண்டர் வந்தப்போ நான் லேப்டாப்பை என்ன பண்ணேன்?”

மைசூரில் வாழ்ந்த இத்தனை வருடத்தில் அவளும் அக்கம்பக்கத்துப் பெண்களைப் போல என்னை ‘ரீ’ என்றுதான் கூப்பிடுவாள். “படார்னு மூடி வச்சுட்டு வந்தீங்க, ரீ. அந்த ஆள்கிட்ட சண்டைக்குப் போற அவசரம். ஏன், உடைஞ்சுபோச்சா?”

“இல்ல.”

“பின்ன ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

சொன்னேன். மூடியதும் இணைப்பு அறுந்ததை, பழி அந்தப் பெண்மேல் விழுந்ததை. அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. “அந்தப் பொண்ணு அன்னைக்கே சொல்லுச்சு. நீங்க யாரைத்தான் நம்பியிருக்கீங்க?”

அன்றைய புதுப்பிப்பு முடிந்ததும் கணினி மறுதொடக்கம் கேட்டது. விதிப்படி உடனே செய்ய வேண்டும். செய்தால் எழுபத்தொன்று பூஜ்யமாகும். பதிவுக் கோப்பு எப்படியும் இருக்கும். ஆனால் அதைத் திறக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு விதியைக் கடைப்பிடிப்பது எவ்வளவு சௌகரியமான அயோக்கியத்தனமாக இருக்க முடியும் என்று பார்த்தேன். மறுதொடக்கம் செய்யவில்லை. அதற்காக என்னை மெச்சிக்கொள்ள முடியாது. ஒன்பது நாள் வேறு எதுவும் செய்யவில்லை.

பத்தாம் நாள் செயலாளர் வீட்டுக்குப் போனேன்.

“ஏன் சார் இப்போ போய்?” என்றார். “ஆகிப்போச்சு, விடுங்க சார். வேற ஆள் போட்டாச்சு. நீங்க ‘வாய்ப்புள்ளது’ன்னுதானே எழுதினேள்? உங்க மேல தப்பே வராது.”

“அதுதான் தப்பு” என்றேன். எழுத்தில் கொடுத்தால் அறக்கட்டளைக் கமிட்டி முன் வைப்பதாகச் சொன்னார்.

எழுதுவதற்கு முன் அந்தப் பெண்ணை அழைத்தேன். மூன்று முறை எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்தார். நடந்ததைச் சொல்லி, தவறு என்னுடையது, மன்னிக்க வேண்டும் என்றேன்.

“மன்னிப்பெல்லாம் போன்ல எதுக்குங்க சார்? மொகாம் அன்னைக்குக் கூட்டம் சத்தம் போட்டுச்சுன்னு, மறுநாளு ஆபரேட்டர் கவனக்குறைவால மெசினு நின்னுபோச்சுன்னு ஆசுபத்திரிக் கதவுல காயிதம் ஒட்டுனாங்க. ஊரே படிச்சுது. பஸ்ல ஏறுனா, ‘மெசின அணைச்ச புள்ள’ங்கறாங்க. வேலை போனாப் போகுதுங்க. இதையும் அதே கதவுல ஒட்டச் சொல்லுங்க.”

கதவில் ஒட்டியது எனக்குத் தெரியாது. ஊர்க்காரர்களைச் சமாதானப்படுத்த என் அறிக்கையின் சாரத்தை எடுத்து, ‘வாய்ப்புள்ளது’ என்பதையும் ‘மறுக்கிறார்’ என்பதையும் நீக்கியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

கமிட்டிக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கணினியில் கண்ட இரண்டு சான்றுகளையும் அச்செடுத்து இணைத்தேன். அந்தப் பெண்ணுக்கு மீண்டும் வேலை தர வேண்டும், அதே கதவில் திருத்த அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்று இரண்டு வேண்டுகோள். அறிவிப்பின் வாசகத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன். ‘கணினி நின்றதற்கு அதை மைசூரிலிருந்து பராமரிப்பவரின் கவனக்குறைவே காரணம். பணியாளர் மீது தவறு இல்லை.’ அதன் பிறகுதான் மறுதொடக்கம் செய்தேன்.

கமிட்டி செப்டம்பரில்தான் கூடியது. வேலை இப்போதைக்குக் காலியில்லை என்றார்கள். அறிவிப்பை ஒட்டினார்கள். செவிலியர் எடுத்து அனுப்பிய படத்தில் அது கதவின் நடுவில், தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்தில் இருந்தது. படத்தை அந்தப் பெண்ணுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக் குறிகள் காட்டின. பதில் இல்லை. தினமும் காலையில் அந்தக் குறிகளைப் பார்ப்பது வழக்கமாயிற்று. எனக்குப் பதில் சொல்ல அவருக்குக் கடமை ஏதும் இல்லை என்று தெரிந்தும் பார்த்தேன்.

தீபாவளி போன பிறகு பதில் வந்தது. “மாமியார அந்தக் கதவுகிட்ட நேர்ல கூட்டிட்டுப் போயி படிச்சுக் காமிச்சேனுங்க சார். இனி அதக் கிழிச்சுரலாமுங்க.”

அந்தச் செய்தியின் தேதி நவம்பர் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை.