சுபேதார் வைத்த சல்யூட்

ஊரில் கேபிள் டிவி வந்த புதிது. குடவாசல் பக்கத்து எங்கள் இளைஞர் மன்றத்துக்கு நான் செயலாளர், அதாவது மைக் பிடிப்பவன். அந்தக் குடியரசு தினத்துக்கு, விடுப்பில் வந்திருந்த இரண்டு ராணுவத்தார் சீருடையோடு வந்தார்கள். ஒருவர் என் மாமா, சுபேதார். மற்றவர் எங்கள் வயலில் கூலிக்கு நாற்று நடும் ஓர் அம்மாவின் மகன், புதிய லெப்டினன்ட்.

பெரிய பதவிக்காரர் கொடியேற்ற வேண்டும். தோள்களைப் பார்த்தேன். இருவருக்கும் இரண்டு நட்சத்திரம். மாமாவுக்குக் கூடவே ஒரு பட்டை. மேதாவியாக மாமாவை அழைத்தேன். கூட்டத்தில் அந்த அம்மாவின் முகம் வாடியது.

மாமா கம்பத்துக்குப் போகவில்லை. அந்த இளைஞர் முன் விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார்.

"இவன் கெடக்கான் சார், வெவரம் இல்லாதவன். பட்டை போட்ட நான் உங்களுக்குக் கீழ. நீங்கதான் அதிகாரி. ஏத்துங்க."

பதில் சல்யூட் வைத்தவர், "நீங்களும் வாங்க, சுபேதார் சாப்" என்றார். அதிகாரிகளும் சுபேதாரை அப்படி மரியாதையாகத்தான் அழைப்பார்களாம்.

கொடி ஏறியபோது மாமா அவருக்கு ஓரடி பின்னால் நின்றார். வரப்பில் மாமாவுக்குப் பின்னால் மற்றவர்கள் நடந்துதான் நான் பார்த்திருக்கிறேன்.